இருநூற்றைம்பது கிலோவும் ஆறு நிமிடமும்

ஜூன் 3, செவ்வாய்

டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கிற கம்பியை இடுப்பு வரை தூக்குவது) 230 கிலோ, 2 தடவை. இரண்டாவது தடவை முதுகு லேசாக வளைந்திருக்கிறது, வீடியோவில் தெரிகிறது. அக்டோபர் 11-ம் தேதி அடிலெய்டில் போட்டி. அங்கே 250 தூக்கினால் மாநிலப் போட்டிக்குத் தகுதி. பதினெட்டு வாரம் இருக்கிறது. கணக்கு இடிக்கவில்லை.

நான் வேலை பார்க்கிற எஃகு ஆலையின் நர்ஸ்தான் இடிக்கிறாள். இரத்த அழுத்தம் 148/95. இருபத்தேழு வயதுக்கு இது அதிகமாம், தினமும் கொஞ்சம் ஓடலாமாம். இங்கே வயாலாவில் விடியற்காலையில் கடலோரம் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் யாராவது துரத்தினால் அதில் ஒரு நியாயம் உண்டு.

பழைய சாரணர் கூடத்தில் செவ்வாய், வியாழன் பாக்ஸிங் நடக்கிறது. அதில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதயத்துக்காக மட்டும். வாரம் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

ஈரக் காலுறை நாற்றம். கண்ணாடி முழுக்க ஆலையின் சிவப்புத் தூசி, அதில் யாரோ விரலால் 'என்னைத் துடை' என்று எழுதியிருக்கிறார்கள். துடைப்பதற்குப் பதில் எழுதுகிற கூட்டம்.

நடத்துபவள் மரிசெல். முப்பத்தைந்து வயது இருக்கும், என் மார்பு உயரம். பகலில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் வேலை. கயிறு தாண்டச் சொன்னாள். ஒன்பது நிமிடத்தில் 31 தடவை தடுக்கினேன் (எண்ணினேன்). பக்கத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் தாண்டிக்கொண்டே தன் நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

உனக்கு என்ன தெரியும் என்று மரிசெல் கேட்டாள்.

"டெட்லிஃப்ட். இருநூத்தி முப்பது கிலோ."

"தூக்கி எங்க கொண்டுபோய் வைப்ப?"

"எங்கயும் இல்ல. அங்கயே வச்சிடுவேன்."

தலையை ஆட்டினாள். நோயாளிக்கு ஆட்டுகிற மாதிரி.

ஜூன் 7, சனி

கெண்டைக்கால் இரண்டும் போச்சு. ஸ்குவாட் ரத்து. கயிறு தாண்டியதால்! 190 கிலோவைச் சுமந்து உட்கார்ந்து எழுகிறவனை ஒரு பிளாஸ்டிக் கயிறு படுக்க வைத்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

இந்தக் கூடத்தில் எல்லோரும் 'அப்படித் தோணுது', 'இப்படித் தோணுது' என்றே பேசுகிறார்கள். அவன் குத்து கனம், இவள் குத்து கூர்மை. எதை வைத்து? எனக்கு ஆலையில் வேலையே இதுதான். விசிறி, பம்பு, கியர்பெட்டி ஒவ்வொன்றிலும் சென்சாரை ஒட்டி அதிர்வை அளந்து, எந்த பேரிங் எந்த மாதம் சாகும் என்று எழுதிக்கொடுப்பது. தோணுது என்று எழுதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்று சென்சாரைக் கொண்டுபோய்க் குத்து மூட்டையில் டேப் போட்டு ஒட்டி, ஒன்பது பேரைக் குத்தச் சொன்னேன். முதலிடம் நான். இரண்டாவது ஆள் என்னில் பாதிதான். கடைசிக்கு முந்தைய இடம் ரஸ் ட்ரெஸீஸ்.

ரஸ் யார் என்றால், தெருக்கோடியில் மீன் பொரித்து விற்கும் கடைக்காரன். முப்பத்தெட்டு வயது. சட்டைக்குள் தலையணை திணித்த மாதிரி வயிறு. தண்டால் நாலு எடுப்பான், ஐந்தாவதுக்குத் தரையிலேயே படுத்து ஊர்க்கதை பேசுவான். இவனைத்தான் எல்லோரும் பெரிய ஆள் என்கிறார்கள். அட்டவணையை அவனிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக் கடைசி வரை படித்தான்.

"மூட்டைகிட்ட காட்டு. அது இன்னைக்கு தூங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் என்ன பேசுவது.

ஜூன் 26, வியாழன்

முதல் ஸ்பாரிங். நிஜச் சண்டை மாதிரிதான், ஆனால் பெரிய கிளவுஸ், தலைக்கவசம், பாதி வேகம். எதிரில் ரஸ். எனக்குப் பாவமாக இருந்தது, அவனுக்காக.

இரண்டு நிமிடம். எத்தனை குத்து விட்டேனோ தெரியாது. பட்டது பூஜ்யம். அவன் ஓடவில்லை, துள்ளவில்லை. ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள்ளேயே நின்றான். நான் குத்துகிற இடத்தில் மட்டும் அவன் இருக்கவில்லை. பல்காப்பை மென்றுகொண்டே சனிக்கிழமை ஃபுட்டி ஆட்டத்தைப் பற்றிப் பேசினான். மேலெல்லாம் பொரித்த எண்ணெய் வாடை. ஒரு நிமிடம் தாண்டியதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"மூச்ச விடுடா. அதுக்கெல்லாம் இங்க டிக்கெட் கிடையாது."

முடிந்தபின் வங்கி அம்மாள் அவனிடம், புதுப் பையன் எப்படி என்று கேட்டாள். நான் அங்கேதான் இருக்கிறேன், தலையைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு.

"ஃபிரிட்ஜு மாதிரி. நல்ல கனம். கதவத் தொறந்தா லைட்டு கூட எரியுது. நகரத்தான் மாட்டேங்குது."

ஃபிரிட்ஜாம். பொரிப்புக் கடைக்காரன் சொல்கிறான்.

மரிசெல் ஒரே விஷயம்தான் சொன்னாள். நான் ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை அடைக்கிறேனாம். அடைக்காமல்? ஆறு வருடமாகப் பழகியது அதுதானே. பெரிய எடைக்கு முன்னால் வயிறு நிறையக் காற்றை இழுத்துப் பூட்டினால்தான் முதுகெலும்பு நிற்கும். பூட்டாமல் 230-ஐத் தொட்டால் ஆம்புலன்ஸ்தான். இது அறிவியல். இவர்கள் ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்' என்று குக்கர் மாதிரி சீறுகிறார்கள்.

"ஒரு தடவ தூக்கிட்டு உக்காந்துக்கறவனுக்கு அது சரிப்பா," என்றாள். "இங்க ரெண்டு நிமிஷம், மூணு தடவ. ஆறு நிமிஷத்துக்கு எவ்வளவு காத்த பூட்டி வைப்ப?"

ஜூலை 8, செவ்வாய்

அட்டவணை போட்டேன். திங்கள் ஸ்குவாட். செவ்வாய் பாக்ஸிங். புதன் டெட்லிஃப்ட். வியாழன் பாக்ஸிங். சனி பெஞ்ச் பிரஸ். வெள்ளி, ஞாயிறு ஓய்வு. தாளில் ஒன்றும் மோதவில்லை.

உடம்பில் மோதுகிறது. போன புதன் 220 கிலோ 240 மாதிரி இருந்தது. தோள் கல்லாகிவிட்டது. அதனால் வியாழன் கை உயரவில்லை, ரஸ் என் நெற்றியில் கதவைத் தட்டுவது போல மூன்று தட்டு தட்டினான். ஒரே தண்டில் இரண்டு சுமையை மாட்டினால் என்ன ஆகும் என்று வாரம் ஒரு அறிக்கை எழுதுகிறவன் நான். எழுதுகிறேன், படிப்பதில்லை போல.

வாரம் இரண்டு மணி நேரம் என்றது இப்போது ஆறு. ஏன்? அவனை ஒரு தடவையாவது குத்த வேண்டும். அவ்வளவுதான். இதயமாவது மண்ணாவது.

ஜூலை 17, வியாழன்

ஆகஸ்ட் 30, சனிக்கிழமை மதியம், நம் கூடத்திலேயே பந்தயங்கள். லிங்கன் துறைமுகத்தில் ஓர் ஆள் இருக்கிறான், 85 கிலோ, அவனுக்கும் இதுதான் முதல் பந்தயம், நீ நிற்கிறாயா என்றாள் மரிசெல். நான் 87.4. இறக்கிவிடலாம். சரி என்றேன்.

"சரின்னா சரியா? நல்லா யோசிச்சு சொல்லு. அவனுக்கு இது நாலாவது தடவ."

அந்த ஆள் பெயர் ஜோஸிப் பெலிச். மத்திப் படகில் வேலை, முப்பத்தொரு வயது. இதுவரை மூன்று தடவை பந்தயம் பேசி, மூன்று தடவையும் எதிராளி கடைசி வாரத்தில் கழன்றுவிட்டானாம். ஒருவன் கல்யாணம் என்றான், ஒருவன் முதுகு என்றான், ஒருவன் போனையே எடுக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு பந்தயப் புத்தகம் உண்டு, ஒவ்வொரு ஆட்டத்தையும் அதில் எழுதி நடுவர் கையெழுத்துப் போடுவார். ஜோஸிப்பின் புத்தகத்தில் இரண்டு வருடமாக ஒரு வரி இல்லை.

கடைசி வாரத்தில் கழல்கிறவர்களைப் பற்றி மரிசெல் ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுதவில்லை. ஆனால் சரியான வார்த்தை. முதுகெலும்பு இல்லாதவன் எதற்கு கிளவுஸ் மாட்டுகிறான்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எடை 85.3. சோறு, ரொட்டி எல்லாம் குறைத்தாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் வேகவைத்த கோழியும் புரோக்கோலியும். சாப்பாட்டு அறையில் எல்லோரும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை'யின் மேல் தக்காளி சாஸ் ஊற்றித் தின்கிறார்கள், நான் செடி மெல்கிறேன்.

நாளை 225.

ஆகஸ்ட் 6, புதன்

வரவில்லை. முழங்கால் வரை வந்து நின்றது. ஜூனில் இரண்டு தடவை தூக்கியது 230! இரண்டு மாதம் உழைத்துப் பின்னால் போயிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரஸ்ஸைக் குத்தினேன்.

வயிற்றில், இடது கை. அவன் வலப்பக்கம் சாய்வான் என்று எப்படித் தெரிந்தது? தெரியவில்லை. கை போய்விட்டது. போகும்போது என் வாயிலிருந்து அந்த 'ஸ்ஸ்' வந்தது. நான் விடவில்லை, அதுவாக வந்தது. தலையணை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, சாலையில் போடுகிற சிமெண்ட் மாதிரி இருந்தது.

"வந்துட்டாருய்யா," என்றான் ரஸ், பல்காப்பு தெரியச் சிரித்து. உடனே மூக்கில் ஒன்று கொடுத்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டிக்குள் தனியாக 'ஸ்ஸ்', 'ஸ்ஸ்' என்று ஓட்டிக்கொண்டு வந்தேன். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. 250 தூக்கினால்கூட இப்படி இருக்குமா? அசட்டுக் கேள்வி.

ஆகஸ்ட் 20, புதன்

225 மறுபடியும் தோல்வி. என்னோடு கராஜில் தூக்குகிற ஓவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஏழு வாரம்தான் இருக்கு மச்சான். இந்தக் குத்துற வேலைய நிறுத்தி நல்லா தின்னா 245 வரும். அங்க போய் ஒரு அடி தப்பா பட்டு விலா போச்சுன்னா, இந்த வருஷம் காலி."

சரியாகத்தான் சொல்கிறான். ஒரு பக்கம் ஆறு வருடம். இன்னொரு பக்கம் பதினோரு வாரம், அதுவும் நர்ஸ் சொல்லி.

ஆகஸ்ட் 27, புதன்

மரிசெல்லுக்குச் செய்தி அனுப்பினேன். 'தோள்பட்டை போய்விட்டது. சனிக்கிழமை முடியாது. மன்னிக்கவும்.'

பதில் மூன்று நிமிடத்தில் வந்தது. 'சரி.'

அவ்வளவுதான். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அந்த ஆளுக்கு வேறு யாரையாவது பிடிப்பார்கள். சிவப்புத் தூசிக் கூடத்தில் நாற்காலி போட்டு நடத்துகிற ஆட்டம், ஒலிம்பிக் இல்லை. என் தோளுக்கு ஒன்றும் இல்லை என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. எனக்கே தெரியும்.

இரவு ஒரு முழுப் பாத்திரம் சோறு தின்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

232.5!!! சுத்தமாக. தோள் பின்னால், பூட்டு உறுதியாக, கம்பி ஆடவில்லை. ஒரே நாள் சோறு, ஒரு நாள் ஓய்வு, அவ்வளவுதான் தேவைப்பட்டது. என் கணக்கு சரி. ஓவன் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்தான். போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் 61 லைக்.

ஆகஸ்ட் 30, சனி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தோள் போனவன் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று பேசுவார்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பின்சுவரோரம் நின்றேன். கையை மடித்து வைத்துக்கொண்டேன், கொஞ்சம் வலிக்கிற மாதிரி.

ஆறாவது ஆட்டம். நீல மூலையில் ஜோஸிப். படகிலிருந்து காலையில்தான் இறங்கி நேராக வந்தானாம், 270 கிலோமீட்டர். நல்ல கட்டுமஸ்தான ஆள். சிவப்பு மூலையில் வயிறு. ரஸ்ஸின் வயிறு.

என் பக்கத்தில் வங்கி அம்மாள். இது என்ன என்று கேட்டேன். தெரியாதா என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள். ஒவ்வொரு கிளப்பிலும் ஒருவன், தன் புத்தகத்தையும் மருத்துவச் சீட்டையும் வருடா வருடம் புதுப்பித்து வைத்திருப்பானாம். நம் ஆள் எவனாவது கழன்றால், தூரத்திலிருந்து வந்தவன் சும்மா திரும்பக் கூடாது என்பதற்காக அவன் ஏறுவான். எடை பொருந்தாவிட்டால் ஜெயித்தவன் யார் என்று அறிவிக்க மாட்டார்கள், புத்தகத்திலும் ஏறாது. ஆனாலும் ஆட்டம் ஆட்டம்தான். நம் கிளப்பில் அது ஒன்பது வருடமாக ரஸ். இதோடு பன்னிரண்டாவது தடவை. சனிக்கிழமை மதியம், அவன் கடையில் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கிற நேரம். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான்.

அதனால்தான் உடம்பை மிச்சம் பிடித்து நாலு தண்டாலோடு நிறுத்திக்கொள்கிறானா? ஒன்பது வருடமாக நன்றாகத் தயாராகி வந்த ஒவ்வொருவனிடமும் தயாராகாமல் போய் நிற்கிறான்.

முதல் ரவுண்டு ரஸ்ஸை யாராலும் தொட முடியவில்லை. இரண்டாவதில் மூச்சு வாங்கினான். அவனுக்கும் வாங்குமா என்று எனக்கு ஏதோ ஆனது. மூன்றாவதில் ஜோஸிப் நான் அன்று குத்திய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான், வயிற்றில், அதே பக்கம். ரஸ் ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்தான். நடுவர் எட்டு வரை எண்ணினார். எழுந்தான். கடைசிப் பத்து வினாடியில் மூக்கு. அந்தச் சத்தம் பின்சுவர் வரை கேட்டது. எனக்கு பேரிங் உடைகிற சத்தம் தெரியும்.

மணி அடித்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். வழக்கப்படி ரஸ் எதிர்மூலைக்குப் போய் லிங்கன் ஆட்களின் கையைத் தொட்டான், அவர்களுடைய கோச் தன் பாட்டிலிலிருந்து அவன் வாயில் தண்ணீர் பீய்ச்சினார். பாதி சிவப்பாக வெளியே வந்தது.

இறங்கி வரும்போது என்னைப் பார்த்தான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றான்.

"தோள் எப்படிடா இருக்கு?"

"பரவால்ல," என்றேன்.

பரவாயில்லையாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தோளுக்கு ஒன்றும் இல்லை. தோளுக்கு ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

கடைக்குப் போனேன். மதிய நேரம் முடிந்து ஆள் இல்லை. ரஸ்ஸின் மூக்கு கத்தரிக்காய், இரண்டு கண்ணுக்கும் கீழே மை. எண்ணெய்ச் சட்டியில் கூடையை ஆட்டிக்கொண்டிருந்தான். வரும் வழியில் மூன்று வாக்கியம் தயார் பண்ணியிருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"ரஸ், தோள் விஷயம் பொய்."

"தெரியும்."

"எப்படி?"

"என்னடா எப்படி? வியாழக்கிழம நீயே படம் போட்ட. இருநூத்தி முப்பத்திரண்டரை. லைக் போட்டேனே, பாக்கல?"

கடைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். புதன்கிழமை தோள் போய்விட்டது என்று எழுதி அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை அதே தோளோடு கால் டன் கம்பியைத் தூக்கி, ஊருக்கெல்லாம் வீடியோ போட்டிருக்கிறேன். இதற்குப் படிப்பு வேறு. பொய் சொல்வதற்குக்கூட ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும், அதுவும் என்னிடம் இல்லை. தூக்குகிறவனால் தூக்கியதைக் காட்டாமல் இருக்க முடியாது. அரிப்பு.

"மரிசெல்?"

"அவ பத்து தடவ பாத்தா. கூடத்துல பெரிய கண்ணாடி இருக்கே, அதுல ஒரு இடத்துல தூசி தொடச்சு, போன சாய்ச்சு வச்சு எல்லாருக்கும் காட்டுனா. 'தோள் நல்லா இருக்குல்ல'ன்னு."

சனிக்கிழமை அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. தோள் எப்படி இருக்கு. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, இதைக் கேட்பதற்கென்று நின்றிருக்கிறான்.

ஏதாவது திட்டு என்றேன். ஒரு பொட்டலம் கட்டி நீட்டினான். "தின்னுட்டுப் போ. ஜோஸிப்போட புத்தகம் இன்னும் காலியாத்தான் இருக்கு. அத மட்டும் நெனச்சுக்கோ."

செப்டம்பர் 4, வியாழன்

கூடத்துக்குப் போனேன். மரிசெல் கயிற்றை எறிந்தாள். தடுக்காமல் பதினோரு நிமிடம். கண்ணாடியில் தூசியைத் துடைத்த இடம் வட்டமாக அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

லிங்கனில் பந்தயம் எப்போது என்று நானே கேட்டேன். அக்டோபர் 11. ஜோஸிப்பின் படகு கரையில் நிற்கிற வாரம் அதுதானாம்.

அக்டோபர் 11.

"அன்னைக்கு எனக்கு அடிலெய்ட்ல போட்டி இருக்கு," என்றேன்.

"தெரியும். பதினாலு வாரமா அதத்தான சொல்ற," என்றாள் மரிசெல். "நான் உன்ன கேக்கலயே. நீதான் கேட்ட."

செப்டம்பர் 10, புதன்

230 சுலபம். 237.5 வந்தது. இதே போக்கில் போனால் 250 நிச்சயம். நிச்சயமாக வரும் என்று எழுதி, அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அடிலெய்ட் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். படிவத்தில் காரணம் கேட்டிருந்தது: காயம், நோய், மற்றவை. காயத்தின் மேல் விரல் தானாகவே போனது. மற்றவை.

ஓவனிடம் சொன்னேன், அதிலிருந்து அவன் பேசவில்லை. பேசினால் என்ன சொல்வான் என்று தெரியும், அவன் சொல்வது சரியாகவும் இருக்கும்.

செப்டம்பர் 24, புதன்

225-ஐ இழுக்கும்போது கம்பி முழங்காலுக்கு வந்ததும் வாயிலிருந்து 'ஸ்ஸ்'. வயிற்றில் பூட்டிய காற்றெல்லாம் போய், கம்பி தரையில் விழுந்து, கராஜ் கதவு அதிர்ந்தது. ஆறு வருடப் பழக்கத்தை ஒரு குக்கர் சத்தம் தின்றுவிட்டது. ஓவன் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டான். மறுபடி பேசுகிறான், அது ஒரு லாபம்.

இங்கே மூச்சைப் பூட்ட மறக்கிறேன், அங்கே விட மறக்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் கற்கிறேன் என்று கிளம்பினவனுக்கு நல்ல மரியாதை.

அக்டோபர் 10, வெள்ளி

84.3. நாளை ரஸ்ஸின் வேனில் போகிறோம். அவனுக்கு மூக்கில் அறுவை, அடுத்த வருடம் வரை ரிங்கில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மூலையில் நிற்கிறான். சனிக்கிழமை கடை மறுபடி பூட்டு.

அக்டோபர் 11, சனி

தோற்றேன். ஐந்து நடுவர்களும் ஜோஸிப்புக்கே கொடுத்தார்கள்.

எடை பார்க்கிற வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றான். கை முழுக்க மீன் செதில் வெட்டிய வடு. திரும்பி மேலும் கீழும் பார்த்தான்.

"நீதான அந்தத் தோள்பட்ட?"

"ஆமா."

"எந்தத் தோளு?"

யோசித்தேன். நான் எந்தத் தோள் என்று எங்கேயும் சொல்லவே இல்லை. "இன்னும் முடிவு பண்ணல," என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

முதல் ரவுண்டில் பழைய புத்தி. மூச்சைப் பூட்டி நாலு பெரிய குத்து, நாலும் காற்றில், நாற்பது வினாடியில் கால் ஈயம். மூலையில் ரஸ் ஒன்றும் அறிவுரை சொல்லவில்லை. என் முகத்துக்கு நேரே 'ஸ்ஸ்', 'ஸ்ஸ்' என்றான், பால் பொங்குகிற மாதிரி. உடைந்த மூக்கில் அது விசில் அடித்தது. இரண்டாவது ரவுண்டில் மூச்சு போய் வந்தது. சிலது பட்டது, நிறைய வாங்கினேன். மூன்றாவது ரவுண்டு எனக்கு நினைவில்லை. மணி அடித்தபோது நின்றுகொண்டிருந்தேன் என்று மரிசெல் சொல்கிறாள்.

அடிலெய்டில் இந்நேரம் டெட்லிஃப்ட் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தது வேனில்தான். ரிங்கில் நினைக்கவில்லை.

எதிர்மூலைக்குப் போனேன். லிங்கன் கோச் என் வாயில் தண்ணீர் பீய்ச்சினார். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மத்தி வாடை. அந்தப் பக்கம் ஜோஸிப் தன் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுவர் அதில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தான். அப்புறம் ஈரம் காயட்டும் என்று ஊதினான். முப்பத்தொரு வயது ஆள்.

என் புத்தகத்திலும் ஒரு வரி. தோல்வி.

நவம்பர் 6, வியாழன்

நர்ஸ் பார்த்தாள். 126/80. ஓடுகிறாயா என்றாள். இல்லை, அடி வாங்குகிறேன் என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

நவம்பர் 20, வியாழன்

நாளன்றைக்கு போர்ட் பிரியில் பந்தயம். நம் கிளப்பில் ஆகஸ்டில் சேர்ந்த கிரேன் ஓட்டுநர் ட்ரெண்ட், ஏழு வாரமாகப் பல்லைக் கடித்துத் தயாரானவன், இன்று காலை செய்தி அனுப்பியிருக்கிறான். வயிற்றுக் கோளாறாம், படுத்த படுக்கையாம். அவனுக்கு எதிராக நிற்க வேண்டியவன் ப்ரோக்கன் ஹில்லிலிருந்து கிளம்புகிறான், நானூறு கிலோமீட்டர்.

மரிசெல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் ஷூ கயிறு கட்டக் குனிந்தார்கள். ரஸ் தன் மூக்கைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

புத்தகமும் மருத்துவச் சீட்டும் போன வாரமே புதுப்பித்து வைத்திருக்கிறேன். பையில்தான் இருந்தன. எடுத்து அவள் மேசையில் வைத்தேன். என் எடை 87, அவன் 80, ஆகவே முடிவு அறிவிக்க மாட்டார்கள், வரியும் ஏறாது. இந்த வாரம் இனி டெட்லிஃப்ட் இல்லை. கராஜைப் பூட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ட்ரெண்டின் பக்கத்தைத் திறந்தேன். இன்று காலை பத்து மணிக்குப் போட்ட படம். கௌவெல் என்கிற ஊர்க் கடலில் படகு, வெயில், கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது.

லைக் போட்டேன்.